ஒரு கை பாப்பாவுக்கு

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். பாம்பன் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு, அவளுக்கு நாலு வயசு இருக்கும்போது, முதல்முறையாக ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். இரண்டு நாளுக்கு எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது. இப்போது அவளுக்கு அஞ்சு முடிந்துவிட்டது. கூட வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி, அவளும் பிள்ளையைத் தனியாக வளர்ப்பவள், "எப்படிக்கா துணிஞ்சு போறீங்க, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

தனியாகப் பிள்ளையோடு போகிறவருக்குப் பணம் இரண்டாவது கவலை. "இதைக் கொஞ்சம் பிடி, வந்துடுறேன்" என்று சொல்ல ஆள் இல்லை என்பதுதான் முதல் கவலை. டிக்கெட் எடுக்க, தண்ணீர் வாங்க, பாத்ரூம் போக, எதற்கும் பிள்ளையும் பையும் கூடவே வரவேண்டும். இரண்டு கையில் ஒன்று எப்போதும் பாப்பாவுக்கு. மிச்சம் இருக்கிற ஒரு கையால் முடிகிறதா என்று பார்த்தே ஒவ்வொரு ஏற்பாட்டையும் செய்யுங்கள். செலவும் தன்னால் குறையும்.

அதனால் முதலில் பை. தோளில் மாட்டுகிற ஒரே பை, அவ்வளவுதான். கட்டைப்பை, தூக்குப்பை, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு கூடை, எதுவும் வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் பையை மாட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டு மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் துணியைக் குறையுங்கள். பிள்ளைக்கு மூன்று செட், எனக்கு இரண்டு, ஒரு மெல்லிய துண்டு, ஒரு பழைய புடவை. அந்தப் புடவை போர்வையாகும், விரிப்பாகும், பஸ்ஸில் வெயில் மறைக்கும்.

பணமும் போனும் ஆதாரும் முன்பக்கம் தொங்குகிற சின்னப் பையில். சில்லறைக்கு அதிலேயே தனியாக ஒரு சுருக்குப்பை. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவுக்குச் சில்லறை தேட இரண்டு கையையும் பைக்குள் விட்டேன். ஒரு நிமிஷம் கூட இருக்காது. நிமிர்ந்தால் பாப்பாவைக் காணோம். பத்தடி தள்ளி பலூன்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஆனால் நடுவில் ஒரு பஸ் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து வண்டி ஏறும் முன்பே பத்தும் இருபதுமாக எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுவிடுவேன்.

போக்குவரத்துக்கு ரயில்தான் என் முதல் தேர்வு. அஞ்சு வயசு ஆகாத பிள்ளைக்கு, தனி இடம் கேட்காவிட்டால், ரயிலில் டிக்கெட்டே வேண்டாம். அஞ்சிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், முன்பதிவு செய்யும் தூங்கும் வகுப்பில் தனி பெர்த் வேண்டாம் என்று போட்டால் அரைக் கட்டணம்; பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். என் மகள் ஒல்லி. ராத்திரி வண்டியில் இன்னும் ஒரே பெர்த்தில்தான் படுக்கிறோம். வயசுக்கு அத்தாட்சியாக அவளுடைய ஆதாரைக் கையில் வைத்திருப்பேன். அஞ்சு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கைரேகை எடுக்காமலே நீல நிற பால் ஆதார் தருவார்கள். ரயிலுக்கு மட்டுமில்லை, லாட்ஜிலும் அது கேட்பார்கள்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பாசஞ்சர் முன்பதிவில்லாத வண்டி. பெரியவர் ஒருவருக்குப் போகவர நூறு ரூபாய் ஆகாது. டிக்கெட்டைப் போனிலேயே எடுத்துவிடுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு கவுண்டர் வரிசையில் நிற்கிற பாடு மிச்சம். வண்டி மதுரையில்தான் புறப்படுகிறது என்பதால் அரை மணி முன்னால் போனால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். இது எனக்கு ரொம்ப முக்கியம். நடுவழியில் வந்து ரெண்டு நிமிஷம் நின்று போகிற வண்டியில் பையோடும் பிள்ளையோடும் முண்டியடிக்க முடியாது. நம் ஊரில் புறப்பட்டு, போகிற ஊரில் முடிகிற வண்டியாகப் பாருங்கள். பத்து ரூபாய் கூட என்றாலும் அதுதான்.

ராத்திரிப் பயணத்துக்கு, உதாரணமாகச் சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போவதென்றால், முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். அப்போதே எடுத்துவிட்டால் தட்கலுக்குக் கூடுதல் காசு போகாது. பதிவு செய்யும்போது கோட்டா என்கிற இடத்தில் 'லேடீஸ்' என்று ஒன்று இருக்கும். தனியாகப் போகிற பெண்ணுக்கும், பன்னிரண்டு வயசுக்குள் உள்ள பிள்ளையோடு போகிற பெண்ணுக்கும் அது உண்டு. மகனாக இருந்தாலும் சரிதான். பொது ஒதுக்கீட்டில் வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிற நாளில்கூட இதில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்றும் ஒரு வசதி இருக்கிறது, அதையும் டிக் பண்ணுங்கள். நடு பெர்த்தில் பிள்ளையோடு படுத்தால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. கீழே படுத்தால் பாப்பாவைச் சுவர் பக்கம் போட்டு, சின்னப் பையைத் தலைக்கு வைத்து, பெரிய பையை சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவேன். பாத்ரூம் போகும்போது பிள்ளையும் சின்னப் பையும் கூட வரும். பெரிய பையில் திருடு போனால் அழவேண்டியது எதுவும் இருக்கக்கூடாது. வண்டியில் யாராவது தொந்தரவு பண்ணினால் 139 கூப்பிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

அரசு பஸ்ஸிலும் அஞ்சு வயசு வரை டிக்கெட் இல்லை, அதற்குமேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களான நமக்கும் காசு இல்லை. ஆனால் தூரப் பயணத்துக்கு பஸ் என்றால் பிள்ளையின் வயிறும் மூத்திரமும்தான் பிரச்சினை. ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவைத்துவிடுவேன்: "அண்ணே, கூட யாரும் இல்லை, பாப்பாவுக்கு அவசரம்னா கொஞ்சம் நிறுத்தணும்." முன்கூட்டியே சொன்னால் இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. வாந்தி வருகிற பிள்ளை என்றால் முன்பக்க சீட், கையில் ஒரு எலுமிச்சம்பழம், வயிறு முக்கால் அளவு. பெரிய பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கும். கைக்குழந்தைக்காரர்கள் கேட்டுப் போங்கள்.

சாப்பாட்டில்தான் உண்மையில் காசு கரையும். முதல் நாள் சாப்பாடு முழுக்க வீட்டிலிருந்து. விடிகாலை நாலரைக்கு எழுந்து இட்லி ஊற்றுவேன். சூடு ஆறியதும் ஒவ்வொரு இட்லியையும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குழைத்ததில் இரண்டு பக்கமும் புரட்டி, அனலில் வாட்டிய வாழையிலையில் வைத்து மடிப்பேன். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும், எண்ணெய் வழியும். பாப்பாவுக்கு நாலு இட்லி பொடி இல்லாமல், நெய்யும் சர்க்கரையும். மதியத்துக்குத் தயிர்சாதம்: சோற்றை நன்றாகக் குழைத்து, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. பதினோரு மணிக்குத் திறந்தால் பால்சாதம் மாதிரி இருக்கும், ஒரு மணிக்குப் பதமான தயிர்சாதமாக இருக்கும். காலையிலேயே பாலுக்குப் பதில் முழுக்கத் தயிரை ஊற்றினால் மானாமதுரை தாண்டும்போது புளித்துவிடும். ஒரு பிளாஸ்கில் வெந்நீர், ஒரு டப்பாவில் வறுத்து அரைத்த சத்துமாவு. பசி என்று சொன்ன நிமிஷம் கலந்து கொடுத்துவிடலாம். பசித்த பிள்ளைதான் கண்ணில் பட்ட பாக்கெட்டையெல்லாம் கேட்டு அழும்.

ரயிலில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். பரமக்குடியில் இறங்கவேண்டிய ஒரு பாட்டி, "ஏத்தா, ஒத்தையிலயா பிள்ளைய தூக்கிட்டுப் போற? வீட்டுக்காரர் வரலையா?" என்றார். "இல்ல பாட்டி, நாங்க ரெண்டு பேருதான்" என்றேன். அதற்குமேல் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. அவரும் கேட்கவில்லை, தன் மடியில் பாப்பாவை உட்காரவைத்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்தார். நான் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். உதவி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே தங்கப்போகிறோம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

மண்டபம் ஸ்டேஷன் வந்ததும் பிள்ளையை எழுப்பிவிடுங்கள். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் போனபோது பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாலமும் நின்றது. பாப்பா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, கீழ ரோடே இல்ல" என்றாள். கம்பி இருக்கிற ஜன்னலில்தான் பார்க்கவேண்டும். எல்லாரும் வாசலுக்குப் போவார்கள், நாம் போகக்கூடாது.

தங்குவதற்கு: அமாவாசை நாளில் ராமேஸ்வரம் போகவே வேண்டாம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் கூட்டத்தில் பிள்ளையை இறக்கிவிட இடம் இருக்காது, ரூம் வாடகையும் ஏறிவிடும். சனி, ஞாயிறும் அப்படித்தான். என்னுடைய செவ்வாய்க்கிழமை விடுப்போடு புதன்கிழமை ஒரு நாள் லீவு போட்டதால் குளியலறையோடு சேர்ந்த ரூம் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. போனில் பேசும்போதே "நானும் என் மகளும், ரெண்டு பேர்" என்று சொல்லிவிடுங்கள். வேறொரு ஊரில் ஒரு லாட்ஜில், ராத்திரி எட்டு மணிக்கு, கூட ஆம்பளை இல்லாமல் ரூம் தரமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன். அந்த அவமானத்தை இன்றும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதன்பிறகு முன்பே பேசி உறுதி செய்யாமல், வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேராமல், எந்த ஊருக்கும் போவதில்லை. உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் பெரிய ஸ்டேஷன்களில் ரயில்வே ஓய்வறையையும் ஆன்லைனில் பதிவு செய்யலாம். தனியாகப் போகிற பெண்ணுக்கு அது நல்ல இடம்.

கோவிலுக்குள் போனை விடமாட்டார்கள், வெளியே கொடுத்து டோக்கன் வாங்கவேண்டும். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் நம்பரை மட்டும் எழுதி வைத்திருந்தால் அந்த நேரத்தில் அது எதற்கும் உதவாது. அடிப்பது லாக்கருக்குள் இருக்கிற போன். நான் என் நம்பரோடு என் அம்மா நம்பரும், லாட்ஜ் பெயரும் எழுதுவேன். உள்ளே போகும்போது, "அம்மாவைக் காணோம்னா நீ நடக்கக்கூடாது, நின்ன இடத்துலயே நின்னு அம்மான்னு கத்தணும்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும்போதே விளையாட்டாக நாலு தடவை செய்துபார்த்தோம். 22 தீர்த்தத்தில் ஈரத்தரையில் பிள்ளையோடு ஓடவேண்டாம்; இன்னும் கொஞ்சம் வளரட்டும். அந்த நீளப் பிராகாரத்தில் நடக்க விடுங்கள், அதுவே அவர்களுக்குத் திருவிழா.

தனுஷ்கோடிக்கு வேன்காரர்கள் கேட்கிற காசு கொடுக்கவேண்டாம், அரிச்சல்முனை வரை அரசு பஸ் போகிறது. காலையிலேயே போய்விடுங்கள். 1964 புயலில் அழிந்துபோன ஊர் அது. இடிந்த சர்ச் சுவர் நிற்கிறதே தவிர ஒதுங்க நிழல் கிடையாது. பத்தரை மணிக்கு மணல் சுடும். அங்கே கடலில் இறக்கக்கூடாது, இழுப்பு அதிகம். தண்ணீரில் விளையாட அக்னிதீர்த்தக் கரை இருக்கிறது, அலை இல்லாத கடல். மதியம் ரூமில் ரெண்டு மணி நேரம் தூங்கவிட்டால் போதும். ஒரு நாளைக்கு ஒரு இடம். கலாம் நினைவிடம் பேக்கரும்பில் இருக்கிறது, மதுரை–ராமேஸ்வரம் பஸ் போகிற வழிதான். பிள்ளை தெம்பாக இருந்தால் இறங்குங்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் 46 கிலோமீட்டர் ஏற நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு வயசுப் பிள்ளை அவ்வளவு நேரம் உட்காராது. குன்னூர் வரை பஸ்ஸில் போய், குன்னூர்–ஊட்டி மட்டும் ரயிலில் போங்கள். குகையும் வளைவும் அதிலேயே கிடைக்கும்.

நான் காசு பார்க்காத இடம் ஒன்று உண்டு. திரும்பி வரும் ராத்திரியில் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை. எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணனுக்கு முதல் நாளே சொல்லிவைத்துவிடுவேன், கேட்கிற காசைக் கொடுத்துவிடுவேன். மாலை பாசஞ்சர் மதுரைக்கு வந்து சேரும்போது பாப்பா நல்ல தூக்கத்தில் இருப்பாள். வண்டி இங்கேயே முடிகிறது, அவசரமே இல்லை. எல்லாரும் இறங்கட்டும். உட்கார்ந்தபடியே முதலில் பையை மாட்டிக்கொண்டு, சீட்டுக்கு அடியில் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்து, பழைய புடவையோடு சேர்த்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து இறங்குவேன். அந்தக் கம்பியைப் பிடிக்கத்தான் இன்னொரு கை.