கூப்பர் பிளாக்: இந்த எழுத்துருவைக் கெடுக்கும் பழக்கங்கள்

தடித்து, உருண்டு, ஓரமெல்லாம் மழுங்கி இருக்கும் கூப்பர் பிளாக்கை எல்லோரும் எங்காவது பார்த்திருப்போம். ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது. சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் அச்செழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது. 1960, 70களில் இசைத்தட்டு உறை, டி-ஷர்ட், கடைப் பலகை என்று பரவியதால், இன்று பார்த்தாலும் அந்தக் காலத்து வாசனை வீசுகிறது. எனக்கு மிகவும் பிடித்த எழுத்துரு இது. அதனாலேயே சிலர் இதைப் பாடாய்ப் படுத்தும்போது மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, பத்தி பத்தியாக இதில் அடிப்பது. ஆங்கிலச் சின்ன ‘ஈ’யைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை ஒரு மெல்லிய கீற்றுதான். ‘ஓ’வின் நடுவிலுள்ள வெள்ளையோ இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், துள்ளலே அதில்தான் இருக்கிறது. பத்து பாயின்ட் அளவில் பொடியாக அச்சடித்தால் மை பரவி இரண்டும் அடைத்துப்போகும், மிஞ்சுவது கறுப்புக் குமிழ்கள். நாலைந்து சொல் கொண்ட தலைப்பு போதும். விலை, முகவரி, விவரமெல்லாம் மெல்லிய வேறொரு எழுத்துருவில் இருக்கட்டும்.

ஏற்கெனவே தடித்த எழுத்துக்கு மேல் ‘போல்டு’ பட்டனை அழுத்தாதீர்கள். கணினி வெளிக்கோட்டைப் பருமனாக்குவதில், இருக்கிற கொஞ்ச வெள்ளையும் போய்விடும். சாய்வு வேண்டுமென்றால், அதற்கென்றே தனியாக வரைந்த இட்டாலிக் இருக்கிறது. பேனர் அகலத்துக்கு எழுத்தை இழுப்பது எல்லாவற்றையும்விட மோசம். வட்டம் நசுங்கிவிட்டால் அப்புறம் இந்த எழுத்துருவில் என்ன மிச்சம்? அளவைக் கூட்டுங்கள், அல்லது வரியை இரண்டாக உடையுங்கள்.

எல்லாவற்றையும் கேப்பிடலில் போடுவதும் வேண்டாம். அழகு சின்ன எழுத்துகளில்தான். ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் சின்னத்தைப் பாருங்கள்: ஆரஞ்சு நிறம், வெள்ளை எழுத்து, நடுவில் ஒரே ஒரு கேப்பிடல். நிழலும் இல்லை, எழுத்தைச் சுற்றி ஓரக்கோடும் இல்லை. எழுத்துகளை நெருக்கமாகவே விடுங்கள். இடைவெளி கூடினால் சொல் சிதறும்.

தமிழோடு சேர்க்கும்போது இன்னொரு சிக்கல். கூப்பர் பிளாக்கில் தமிழ் கிடையாது. தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து இதைக் கொடுத்தால், மென்பொருள் தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும். பலர் அதைக் கவனிக்காமலே அச்சுக்கு அனுப்புகிறார்கள். மும்பையில் எழுத்துரு வடிவமைக்கும் ஏக் டைப் குழுவின் ‘பலூ தம்பி’ எழுத்துரு நல்ல துணை. உருண்டையானது, இலவசம், தமிழும் ஆங்கிலமும் அதிலேயே உண்டு. ஆனால் கூப்பர் பிளாக்கில் வரிக்குக் கீழே இறங்கும் வால்கள் குட்டை என்பதால் ஆங்கில வரிகளை நெருக்கி வைக்கலாம்; அதே நெருக்கத்தைத் தமிழுக்குக் கொடுத்தால் மேல் வரியின் ‘கு’, ‘மூ’ கீழ் வரியின் புள்ளியிலும் ‘கீ’யின் சுழியிலும் இடிக்கும். தமிழுக்கு வரி இடைவெளியைத் தனியாகக் கூட்டி, ‘ண’வின் சுழிகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று ஒரு காகிதத்தில் அடித்துப் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.