டிசம்பருக்குள் போடுங்கள், எடுக்காதீர்கள்

மலேசியாவில், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில், மார்ச் பிறந்தால் அக்கம்பக்கத்தார் வரி பாரத்தோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் முதலில் கேட்பது: "பிள்ளை பேரில் எஸ்.எஸ்.பி.என் கணக்கு இருக்கா?"

அரசின் உயர்கல்விக் கடன் நிறுவனமான பி.டி.பி.டி.என் நடத்தும் கல்விச் சேமிப்பு அது. ஆண்டுக்கு 8,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆண்டில் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. ஒருமுறை நான் 4,000 போட்டு, நவம்பரில் மகளின் மடிக்கணினிக்காக 3,000 எடுத்துவிட்டேன். 1,000க்குத்தான் கழிவு கிடைத்தது. அவசரப் பணத்தை வேறு கணக்கில் வையுங்கள்.

எவ்வளவு மிச்சம்? வரிக்குரிய வருமானம் 58,000 என்றால், 50,000க்கு மேலே உள்ள 8,000க்கு 11 விழுக்காடு வரி. முழுத்தொகையும் சேமித்தால் 880 வெள்ளி குறையும். 19 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு அதே 8,000க்கு 1,520. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத துப்புரவுத் தொழிலாளி அக்காவுக்கோ ஒரு காசும் இல்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை. அவர் பிள்ளைக்கும் அதே கல்விதானே வேண்டும்? வரிக் கழிவாக இல்லாமல் நேரடி மானியமாகக் கொடுத்தால் அவரையும் சேரும்.

சரி, வரி கட்டுபவர்கள் டிசம்பர் 31க்குள் பணத்தைப் போடுங்கள். அப்புறம் கணக்கு அறிக்கையை அச்சிட்டு 7 ஆண்டு பத்திரமாக வையுங்கள். வரி வாரியம் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும்.