பெண் பாத்திரங்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை வட்டாரத்தைக் களமாகக் கொண்ட சிறுகதைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். பெண்ணியக் கதை என்று எழுதப்படுபவற்றில் நான் மிகுதியாகக் காணும் தவறு, பெண்ணுக்குத் துயரத்தை மட்டும் கொடுத்துவிட்டு அவளுடைய யோசனையைப் பறித்துக்கொள்வது. பக்கம் பக்கமாக அழுகிறவள், முடிவில் ஆசிரியர் எழுதிய மேடைப்பேச்சை ஒப்பிக்கிறாள்.

சொத்துப் பிரிக்கும்போது, தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தில் தங்கை கையெழுத்திடும் காட்சியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தம், அதற்குமுன் மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமை தந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டையும் நீக்கியது. எனவே, 1995இல் மணமானவளுக்குச் சட்டத்திலேயே பங்கில்லை என்று ஆசிரியர் எழுதுவது பிழை. பங்கு இருப்பதால்தான் அவளிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

மேலூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்திருப்பவள் வெறுமனே கண்கலங்கி நிற்பதில்லை. மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் வருமா, கணவனோடு மனக்கசப்பு வந்தால் எந்த வீட்டுக்குப் போவது என்ற கணக்கு அவளுக்குள் ஓடுகிறது. கைரேகை வைத்த பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைக்கப் போனவள், அது அண்ணன் எடுத்துக்கொடுத்த சேலை என்பதால் சுவரில் தேய்க்கிறாள். அண்ணனும் அரக்கனல்ல; தங்கைமேல் உண்மையான பாசம் உள்ளவன். அப்படி எழுதினால்தான் அந்தக் கையெழுத்தின் கொடுமை வாசகருக்கு உறைக்கும்.

சீற்றம் கொண்ட பெண்ணையெல்லாம் கண்ணகி என்பதும் எங்கள் ஊரில் பழகிப்போன சோம்பல். ஊரை எரிக்கும்முன் பாண்டியன் அவையில் அவள் வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்து, உள்ளிருப்பவை முத்துகளல்ல, மாணிக்கங்கள் என்று மெய்ப்பித்தாள். தீயை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த வாதத்தை மறப்பது அவளுக்கே செய்யும் அநீதி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உழைப்பை அலங்காரமாக்குவதும் கூடாது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்ணை எழுதுகிறவர்கள் வண்ணப் புள்ளிகளின் அழகை விரிவாக வருணிக்கிறார்கள். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் உண்டு. அத்தனையும் துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டியவை. அந்த விரல்கள் எப்படி வலிக்கும், கூலி எவ்வளவு, அதை வீட்டில் யார் வாங்கிக்கொள்கிறார் என்பவற்றைக் கேட்டறிந்த பிறகே அவளைப் பற்றி எழுதத் தொடங்க வேண்டும்.