தயங்கும் நாயகியும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகனும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெகுசனப் புனைகதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி கையாளும் ஓர் எதிரிணை உண்டு. ஒரு பக்கம், தீர்க்கதரிசனமும் தழும்புமாக உலகைக் காக்கவென்றே குறிக்கப்பட்ட நாயகன். மறுபக்கம், எந்தப் பொறுப்பையும் விரும்பாமல், சூழ்நிலை இழுத்துவந்து நிறுத்தியதால் மட்டுமே போராடும் நாயகி. முதலாமவனுக்கு ஹாரி பாட்டரும் இரண்டாமவளுக்கு ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவல்களின் காட்னிஸ் எவர்டீனும் எடுத்துக்காட்டுகளாக வந்து நிற்பார்கள். இப்படி எழுதப்படும் ஒப்பீடுகள் படிக்கச் சுவையாக இருந்தாலும், மூலக் கதைகளைத் திறந்து சரிபார்த்தால் அவற்றில் பல நிலைப்பதில்லை. எங்கே தவறுகிறார்கள் என்பதைக் கதைகளைக் கொண்டே பார்ப்போம். முடிவுகளையும் பேசியாக வேண்டியிருப்பதால், இந்தக் கதைகளை இனிமேல்தான் படிக்கவோ பார்க்கவோ போகிறவர்கள் அதற்குப் பிறகு வந்து இதைப் படிப்பது நல்லது.

அடிப்படையான தவறு, இந்த இரண்டு அடையாளங்களையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகக் கொள்வது. ஒருவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது ஒரு கேள்வி. அந்தச் சுமையை அவர் எப்படி ஏற்றார் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை ஒரு தட்டிலும் இரண்டாவது கேள்விக்கான விடையை மறு தட்டிலும் வைத்து எடைபோட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரே ஆள் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவும் தயங்குபவராகவும் இருக்கலாம். உண்மையில் பெரும்பாலான நல்ல கதைகளில் அப்படித்தான் இருக்கிறார்கள். 1997 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரின் நாயகி பஃபி, இரத்தக் காட்டேரிகளை அழிக்கத் தலைமுறைக்கு ஒருத்தி என்ற விதிப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவள். முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில், தான் கொல்லப்படுவது தீர்க்கதரிசனமாகவே எழுதப்பட்டிருக்கிறது என்று அறியும்போது, தனக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது, சாக விரும்பவில்லை, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று அழுது விலகப் பார்க்கிறாள். அதே ஆண்டு ஜூன் மாதம் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவல் இங்கிலாந்தில் வெளிவந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகியும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகனும் சில மாத இடைவெளியில் வாசகர்களையும் பார்வையாளர்களையும் வந்தடைந்திருக்கிறார்கள். ஆனால் ஒப்பீட்டுக் கட்டுரைகளில் பஃபி பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறாள், அவள் இருந்தால் சூத்திரம் உடைந்துவிடும் என்பதால்.

ஹாரியும் தயங்காதவன் அல்லன். ஐந்தாம் நாவலில், தற்காப்பு மந்திரங்களைச் சக மாணவர்களுக்கு அவனே கற்றுத்தர வேண்டும் என்று நண்பர்களான ஹெர்மயனியும் ரானும் சொல்லும்போது, தண்டனையில் புண்ணான கையை மருந்துக் கிண்ணத்தில் ஊறவைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஹாரி, தான் தப்பித்ததெல்லாம் அதிர்ஷ்டத்தாலும் பிறர் உதவியாலும்தான் என்று கத்தத் தொடங்குகிறான். எழுந்து நின்றதுகூட நினைவில்லாத அந்தக் கோபத்தில் கிண்ணம் கீழே விழுந்து உடைகிறது. அந்தக் கிண்ணத்தைத் தாண்டிச் சென்றுவிட்டவர்தான் ஹாரி சுமையை மலர்ந்த முகத்துடன் ஏற்றான் என்று எழுத முடியும்.

அடுத்த தவறு, தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்காமலேயே ‘விதி’ என்று எழுதிவிடுவது. என் பார்வையில் இந்த ஒப்பீட்டில் ஆழமாகத் தோண்ட வேண்டிய இடம் இதுதான். ஹாரி பாட்டர் கதையின் தீர்க்கதரிசனம் ஹாரியின் பெயரைச் சொல்வதே இல்லை. ஏழாம் மாதம் முடியும் தறுவாயில், தீய மந்திரவாதி வோல்டமார்ட்டை மும்முறை எதிர்த்து நின்ற பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை என்று மட்டுமே அது சொல்கிறது. அந்த அடையாளங்கள் ஹாரியின் சக மாணவன் நெவில் லாங்பாட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். தூய மந்திரவாதக் குடும்பத்துப் பிள்ளையான நெவிலை விட்டுவிட்டு, தன்னைப் போலவே கலப்புப் பிறப்புடைய ஹாரியை வோல்டமார்ட் குறிவைத்ததால்தான் அந்தத் தழும்பு ஹாரியின் நெற்றிக்கு வந்தது. ஆக ஹாரியைத் தேர்ந்தெடுத்தது அவனுடைய பகைவன், அதுவும் ஒருவன் ஒட்டுக்கேட்டுக் கொண்டுவந்த பாதிச் செய்தியை நம்பி. ஆறாம் நாவலில் பள்ளித் தலைவர் டம்பிள்டோர் இதைப் பொறுமையாக விளக்கிய பிறகும், ஹாரி பிறப்பால் குறிக்கப்பட்டவன் என்று எழுதுவது கதையைப் பாதியில் மூடிவைத்ததற்குச் சமம்.

1965இல் வெளிவந்த ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘ட்யூன்’ நாவலில் தேர்வு இன்னும் கீழான காரியம். பெனே கெஸரிட் என்ற பெண்கள் அமைப்பு, தன் உறுப்பினர்களுக்கு எப்போதாவது பயன்படட்டும் என்று, பல கோள்களில் மீட்பர் பற்றிய கட்டுக்கதைகளை முன்கூட்டியே பரப்பி வைத்திருக்கிறது. பாலைவனத்துக்குத் தப்பியோடும் பால் அட்ரெய்டீஸும் அவன் தாய் ஜெசிக்காவும் அந்தக் கட்டுக்கதைகளுக்குள் நுழைந்துகொண்டுதான் உயிர் பிழைக்கிறார்கள். பால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றால், அந்தத் தேர்வு ஓர் அரசியல் ஏற்பாடு. அவனையும் ஹாரியையும் ஒரே வகையில் அடைப்பது, இரண்டு ஆசிரியர்களும் தங்கள் கதையில் எந்த அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறார்கள் என்பதையே மறைத்துவிடும்.

காட்னிஸ் கதையில் தேர்வு என்பது குலுக்கல் சீட்டு. பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருபத்து நான்கு பேர் ஆண்டுதோறும் சாவுப் போட்டிக்கு எடுக்கப்படுகிறார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடும். பசியில் வாடும் குடும்பத்துப் பிள்ளைகள் கூடுதல் சீட்டுகளுக்குத் தங்கள் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒருவருக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். கட்டாயச் சீட்டு ஒன்று, தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாகக் கூடுதல் சீட்டு மூன்று என ஆண்டுக்கு நான்கு சீட்டு வீதம், பதினாறு வயதில் காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. ஐந்து பேருக்கு உணவு தேட வேண்டிய அவள் நண்பன் கேலின் பெயர் 42 சீட்டுகளில். தங்கையைக் கூடுதல் சீட்டு வாங்க காட்னிஸ் விடவே இல்லை, ஆகவே பிரிம்மின் பெயர் ஒரே ஒரு சீட்டில் மட்டும். எடுக்கப்பட்டது அந்தச் சீட்டுதான். விதி வந்து நிற்க வேண்டிய இடத்தில் நாவலாசிரியர் சுசேன் காலின்ஸ் ரேஷன் கணக்கை வைத்திருக்கிறார். இந்தக் கணக்கைக் குறிப்பிடாமல் காட்னிஸைச் ‘சாதாரணப் பெண்’ என்று மட்டும் எழுதினால், அவளுடைய கதையின் அரசியல் முழுவதும் வெளியே போய்விடும்.

இதையொட்டி வருவது, மறுத்தால் என்ன நேரும் என்பதைப் பாராமல் தயக்கத்தை மட்டும் அளப்பது. மறுக்கும் வழி உள்ளவர் தயங்குவதும், அந்த வழியே இல்லாதவர் தயங்குவதும் ஒன்றல்ல. தங்கைக்குப் பதிலாகத் தான் போவதாகக் காட்னிஸ் முன்வந்த கணத்தில் அவளுக்குப் புரட்சி பற்றிய எண்ணம் எதுவும் இல்லை; அதை வீரத்தின் முதல் படியாக எழுதுவதும் தவறு, பின்னால் தயங்குவதை அந்த வீரத்திலிருந்து சறுக்கியதாக எழுதுவதும் தவறு. அடுத்த ஆண்டு 75ஆவது போட்டிக்கு, ஏற்கெனவே வென்று உயிரோடிருப்பவர்களிலிருந்தே ஆளெடுக்கிறார்கள். அவளுடைய மாவட்டத்தில் வென்று உயிரோடிருக்கும் பெண் அவள் ஒருத்திதான். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரே ஒரு சீட்டு கிடக்க, அதையும் குலுக்கல் போலவே கையை விட்டு எடுத்து வாசிக்கிறார்கள். இங்கே ‘அவள் ஏற்றாளா, மறுத்தாளா’ என்று விவாதிப்பதில் பொருளே இல்லை.

அவளுக்கு முதன்முதலாகப் பேரம் பேசும் வலு கிடைப்பது மூன்றாம் நாவலில், அழிந்துபோனதாக நம்பப்பட்ட 13ஆவது மாவட்டத்துக் கிளர்ச்சியாளர்கள் அவளைத் தங்கள் சின்னமாக நிற்கக் கேட்கும்போது. அவள் ஒரு தாளில் நிபந்தனைகளை எழுதிக்கொண்டு போகிறாள்: வீட்டுப் பூனை தங்களோடே இருக்க வேண்டும், கேலுடன் வேட்டைக்குப் போக அனுமதி வேண்டும், தலைநகரம் பிடித்து வைத்திருக்கும் பழைய வெற்றியாளர்களுக்கு மன்னிப்பு வழங்குவதை எல்லார் முன்பும் அறிவிக்க வேண்டும், அதிபர் ஸ்னோவைத் தான்தான் கொல்ல வேண்டும். போர்த் தலைமைக் கூட்டத்தில் பூனையைப் பற்றியே ஒரு வாக்குவாதம் நடக்கிறது. இந்தக் காட்சியைச் சிலர் அவளுடைய அரசியல் முதிர்ச்சியின்மைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். தன்னைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்த ஒருத்தி அதற்கான விலையை முன்கூட்டியே, சாட்சிகளோடு பேசி முடிக்கும் இடம் அது. அந்த மூன்று நாவல்களிலும் அவள் மிகத் தெளிவாகச் சிந்திக்கும் பக்கங்களில் ஒன்று என்றுதான் நான் அதைக் கொள்வேன்.

கதை சொல்லப்படும் முறையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் பரவலாகக் காணப்படும் பிழை. காட்னிஸ் தன் கதையைத் தானே, தன்மையில், நிகழ்காலத்தில் சொல்கிறாள். அவள் மனத்தில் எழும் ஒவ்வொரு அச்சமும் ஐயமும் வாசகரின் காதில் விழுகிறது. ஹாரியின் கதை படர்க்கையில், நடந்து முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. அவன் பக்கத்திலேயே நடந்தாலும் ஆசிரியரின் குரல் அவனுடைய பல தடுமாற்றங்களை வடிகட்டிவிடுகிறது. ஒருத்தியின் மனம் முழுதும் கேட்கிறது, மற்றவனின் மனம் பாதிதான் கேட்கிறது என்னும்போது, அவள் அதிகம் தயங்குகிறாள் என்று தோன்றுவது இயல்பே. 2012இல் வந்த திரைப்படத்தில் அவளுடைய உள்குரல் இல்லாமல் போய், அதற்கு ஈடாகப் போட்டியை நடத்துகிறவர்களின் கட்டுப்பாட்டு அறைக் காட்சிகள் சேர்ந்தபோது, அதே பெண் கல்லாய் இறுகியவளாகத் தெரிந்தாள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பாலினத்தை விதியாக்குவது இன்னொரு தவறு. பெண்கள் தயங்குவார்கள், ஆண்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள் என்பது போலப் பொதுவாக எழுதும் பழக்கம், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் மோதிரத்தைச் சுமக்க விருப்பமே இல்லாத ஃபுரோடோ ஒருவனாலேயே குலைந்துவிடும். தொன்ம ஆய்வாளர் ஜோசஃப் கேம்பெல் 1949இல் நாயகனின் பயணத்தைப் படிப்படியாக வகுத்தபோதே, அழைப்பை மறுப்பதையும் அதில் ஒரு கட்டமாக வைத்துவிட்டார். எனவே தயக்கம் நாயகிகளோடு வந்த புதுமை அல்ல. அந்தக் கட்டத்துக்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, அப்பல்லோ துரத்தத் துரத்த ஓடி மரமாகிப்போன டாஃப்னியின் கிரேக்கக் கதை. விரும்பாத ஆணிடமிருந்து தப்பியோடும் பெண்ணை அழைப்பை மறுத்தவளாகக் கணக்கில் எழுதும் சட்டகம், காட்னிஸைப் போன்றவளுக்குச் சரியான அளவுகோலா என்று ஐயுறுவதில் தவறில்லை. மௌரீன் மர்டாக் 1990இல் நாயகியின் பயணத்தைத் தனியே வகுத்து எழுத நேர்ந்ததும் இத்தகைய போதாமைகளை ஒட்டியே.

ஆனால் பாலினத்தை அறவே மறப்பதும் சரியாகாது, ஏனென்றால் ஒரே செயலுக்கு வாசகர்கள் வேறு வேறு பெயர் சூட்டுகிறார்கள். தமிழ் வாசகர் இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் குடந்தைச் சோதிடர் துருவ நட்சத்திரத்தோடு ஒப்பிடும் அருள்மொழிவர்மர், மக்கள் விரும்பித் தரும் மகுடத்தைத் தம் தலையில் ஏற்காமல் சேந்தன் அமுதனின் தலையில் வைக்கிறார், அந்தப் பாகத்துக்கே ‘தியாக சிகரம்’ என்று பெயர். பதவியை வேண்டாம் என்று சொல்லும் இளவரசரைத் தியாகி என்கிறோம், அதையே சொல்லும் சுரங்கத் தொழிலாளியின் மகளைத் தயங்குபவள் என்கிறோம். சூழல்கள் வேறுதான், ஆனாலும் ஒப்பிட்டு எழுதுகிறவர் இந்தப் பெயர் சூட்டலைத் தாமும் செய்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது தேவை.

தொடக்கங்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடிவுகளைத் தொடாமல் விடுகிறவர்களும் உண்டு. 2003இல் முடிந்த பஃபி தொடரில், தலைமுறைக்கு ஒருத்தி என்ற விதியை வகுத்தவர்கள் என்றோ வாழ்ந்த சில ஆண்கள்தான் என்று சுட்டிக்காட்டும் பஃபி, ஒரு மந்திரத்தின் துணையோடு அந்த ஆற்றலை உலகெங்கும் அதற்குத் தகுதியுள்ள பெண்கள் எல்லாருக்கும் பகிர்ந்துவிடுகிறாள். ஸ்னோவைக் கொல்லும் உரிமையைப் பேரம் பேசி வாங்கிய காட்னிஸ், அம்பை எய்வது புதிய ஆட்சித் தலைவியான காயின் மீது. ‘ட்யூன்’ நாவலின் தொடர்ச்சியான ‘ட்யூன் மெசையா’வில் பால், தன் பெயரால் நடந்த போர்களில் 6,100 கோடிப் பேர் மாண்டதாகத் தானே கணக்குச் சொல்கிறான். தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் கடைசியில் என்ன செய்தார்கள் என்று கேட்டால், இவர்கள் அணிவகுக்கும் முறையே மாறிவிடுகிறது: காட்னிஸும் பஃபியும் ஹாரியும் ஒரு பக்கமும், பால் தனியாக மறுபக்கமும் நிற்க வேண்டியிருக்கும்.

ஹாரியை அந்தப் பக்கத்தில் சேர்ப்பதற்கான சான்றைத் தரும்போது ஒரு சிறு எச்சரிக்கை. வெல்ல முடியாத அந்த மந்திரக்கோலை அவன் இரண்டாக முறித்து எறிவது 2011 திரைப்படத்தில் மட்டுமே. 2007இல் வெளிவந்த நாவலில் அவன் அதைக் கொண்டு தன் உடைந்த பழைய கோலைச் சரிசெய்துகொண்டு, அதை டம்பிள்டோரின் கல்லறைக்கே திருப்பிவிட முடிவு செய்கிறான். முறிப்பவன் அந்த அதிகாரம் யாருக்கும் கிடைக்காமல் செய்கிறான். திருப்பி வைப்பவன், தோற்காமல் இயல்பாக இறந்தால் அதன் வலிமை தன்னோடு முடியும் என்று நம்பிக் காத்திருக்கிறான். இரண்டும் வெவ்வேறு மறுப்புகள் என்பதால், புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோமா படத்தைப் பற்றிப் பேசுகிறோமா என்பதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.