சார்லி பார்க்கரின் ஏற்றமும் சரிவும்: பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒரு மணி நேரம் கேட்பது எப்படி

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் பதிவுகளைக் கேட்க, கோலாலம்பூரில் மாலை மழை ஓய்ந்து, இரவு 8 மணிக்கு மேல் தொடங்குங்கள். காற்றாடியை நிறுத்துங்கள்; அதன் இரைச்சல் பழைய பதிவுகளின் மெல்லிய பியானோவை விழுங்கிவிடும். இவை மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவுகள் என்பதால் நல்ல ஒலிபெருக்கி ஒன்றே போதும். செயற்கை ஸ்டீரியோ ஆக்கிய பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள், சாக்ஸபோனின் கூர்மை கரைந்துபோயிருக்கும்.

முதலில் 'கோ-கோ' (26 நவம்பர் 1945). மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆகவே மூன்று முறை கேளுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 300 தாள அடி வேகம். ஒவ்வோர் அடிக்கும் தாளம் போட்டால் கை தடுமாறும். நான்கு அடிக்கு ஒரு தட்டு போதும். 64 தட்டு ஒரு சுற்று. பார்க்கர் இரண்டு சுற்று வாசிக்கிறார், ஒரு சொற்றொடர்கூடச் சிதறுவதில்லை. அப்போது அவருக்கு வயது 25.

உடனே 'லவர் மேன்' (29 ஜூலை 1946). பியானோ முன்னுரையை வாசித்து முடித்த பின்னும் சாக்ஸபோன் வரவில்லை. தாமதமாக, தட்டுத்தடுமாறி நுழைகிறது. ஹெராயின் கிடைக்காமல் மதுவில் மூழ்கியிருந்தார். அன்றிரவே கைதானார், பிறகு கமரில்லோ மனநல மருத்துவமனையில் ஆறு மாதம். இந்தப் பதிவு வெளியானதை அவர் மன்னிக்கவில்லை. போதைதான் இசையைத் தந்தது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

மீண்டு வந்து வாசித்த 1947 பதிவுகளை விட்டுவிடாதீர்கள். நேராக 1955 மரணத்துக்குத் தாவினால் அவர் வாழ்க்கையின் சித்திரம் பொய்யாகிவிடும். இறந்தபோது அவருக்கு 34 வயதுதான். உடலைப் பார்த்த மருத்துவர் 50க்கு மேல் என்று கணித்தார்.