அலுமாரிக்கு மேலே ஒரு கோச்சிப் பாதை

அம்மா போன பிறகு அவவின் பெட்டகத்தைத் துப்புரவாக்கினேன். அடியில் ஒரு பிஸ்கட் தகரம் கிடந்தது. உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சை எஞ்சின், மூன்று தட்டு வண்டி, வளைந்த தண்டவாளத் துண்டுகள் பதினொன்று. கப்பலில் வேலை செய்த மாமா 1976இல் ஹம்பேர்க்கில் வாங்கி வந்து எனக்கும் தம்பிக்கும் தந்த சாமான். வட்டம் முடிய பன்னிரண்டு துண்டு வேண்டும். மற்றதை 1978 நவம்பர் சூறாவளி, கூரை ஓடுகளோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்குப் படம் அனுப்பினேன். "அக்கா, உடனே கரண்ட் குடுத்திராதீங்க" என்று பதில் வந்தது. மட்டக்களப்புக் கல்லடியில், நாற்பது வருடத்துக்குப் பிறகு இந்த மாதிரிக் கோச்சி (சின்ன ரயில்) விளையாட்டுக்குள் திரும்பி வந்த ஒருத்தி எழுதும் வழிகாட்டி இது. நான் மருந்து கொடுக்கும் தொழிலில் இருந்தவள். அதனால் இதில் சிரிஞ்சும் ஊசியும் கொஞ்சம் அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பி சொன்னதைக் கேளுங்கள். பழைய எஞ்சினை நேரே தண்டவாளத்தில் வைக்காதீர்கள். உள்ளே போட்ட கிறீஸ் இத்தனை வருடத்தில் மெழுகாக இறுகியிருக்கும். மோட்டர் சுற்றப் பார்க்கும், பல்சக்கரம் விடாது, சுருள் கருகிவிடும். மேல்மூடியைக் கழற்றி, பல்சக்கரங்களில் உள்ள பழுப்பு மெழுகைப் பல்குத்தியால் சுரண்டுங்கள். மிச்சத்தை ஐசோபுறொப்பைல் அல்கஹோல் நனைத்த பஞ்சால் துடையுங்கள். தின்னர் பக்கமே போக வேண்டாம். நான் அவசரத்தில் தின்னரைத் தொட்டு ஒரு தட்டு வண்டியின் மூலையைப் பாகாக உருக்கிவிட்டேன். கொரோனாக் காலத்தில் மிஞ்சிய சானிடைசரும் உதவாது, அநேகமாக அதில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு அப்படியே தங்கும்.

பிறகு எண்ணெய். இன்சுலின் சிரிஞ்சில் (U-100 வகை) ஒரு யூனிட் என்றால் 0.01 மில்லிலீற்றர். தையல் மெஷின் எண்ணெயில் அந்த ஒரு யூனிட் எஞ்சின் முழுவதற்கும் போதும். அச்சு முனை ஒவ்வொன்றிலும் ஊசியால் தொட்டும் தொடாமலும் வையுங்கள். கூடினால் வழிந்து சக்கரத்துக்கு வரும், பிறகு தண்டவாளம் முழுக்கப் பூசிக்கொண்டு ஓடும். எல்லாம் கையால் சுலபமாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு, 9 வோல்ட் பற்றரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து இரு பக்கச் சக்கரங்களிலும் ஒரு கணம் தொடுங்கள். என் எஞ்சின் முதல் தரம் உறுமியது, இரண்டாம் தரம் நடுங்கியது, மூன்றாம் தரம் மேசையிலிருந்து ஓடி இவரின் தேத்தண்ணிக் கோப்பையில் முட்டியது. கருகிய மணம் வந்தால் மட்டும் உடனே கையை எடுங்கள்.

பெட்டியோடு வந்த பழைய மின்மாற்றியைச் சுவரில் செருக வேண்டாம். வயரின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கும், நம் சுவரில் இருப்பது 230 வோல்ட். புதிய 12 வோல்ட் டீசி கட்டுப்படுத்தி ஒன்றுக்குச் செலவழியுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் கஞ்சத்தனம் கூடாத இடம் இது ஒன்றுதான். மலிவான வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகள் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. பழைய இரும்புக் கருவுள்ள மோட்டர் அதைத் தாங்கும். இப்போது வரும் கருவில்லாத சின்ன மோட்டர்கள் சூடேறிப் போகக்கூடும்.

நான் செய்வது, தண்டவாள இடைவெளி சிறிதான குறுகிய பாதையின் மாதிரி. சரி, ஏன் குறுகிய பாதை? கொழும்புக் கோச்சியான உதயதேவியைப் பார்த்து வளர்ந்த ஊரில் அகலப் பாதையை அல்லவா செய்ய வேண்டும் என்று இவர் கேட்டார். நானும் ஆசைப்பட்டேன், கணக்குத்தான் விடவில்லை. நம் மட்டக்களப்புப் பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீற்றர். அதை மாமாவின் எஞ்சினுடைய அளவான 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19.3 வரும். வெளிநாட்டுக் கடைகளில் கிடைப்பது 16.5. சரியாகச் செய்ய வேண்டுமென்றால் தண்டவாளத்தை நீங்களே கட்டைக்குக் கட்டை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். கொழும்புப் பக்கத்து அந்நாள் களனிவெளிப் பாதையோ இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் 8.76. அதே கடைகளில் 9 மில்லிமீற்றர்த் தண்டவாளம் மலிந்து கிடக்கிறது! கால் மில்லிமீற்றரை யார் அளக்கப் போகிறார்கள்?

களனிவெளிக் கோச்சியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 1982இல் நுகேகொடைப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, ரோட்டுக் கேற்றடியில் பொம்மை மாதிரி ஒன்று ஆடி ஆடிப் போனது. 1990களில் அந்தப் பாதையை அகலமாக்கிவிட்டார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன இன்னொரு இரண்டரை அடிப் பாதையை அதற்கு வெகு முன்னரே கழற்றிவிட்டார்கள். இன்று பழைய எஞ்சின்களைக் கிட்ட நின்று பார்க்கக் கடுகண்ணாவை ரயில்வே நூதனசாலைக்குத்தான் போக வேண்டும். போனால் அடிமட்டம் கொண்டு போங்கள்.

எத்தனையில் ஒரு பங்கு என்ற அளவுத்திட்டத்தைத் தெரிவுசெய்வது குழப்பமான வேலை. நான் தெரிந்துகொண்ட வரையில் மூன்றைப் பற்றி யோசித்தால் போதும். 87இல் ஒரு பங்கில் 9 மி.மீ. தண்டவாளம், இதை எச்-ஓ-ஈ என்பார்கள். ஐரோப்பியச் சாமான் இதில் நிறைய உண்டு. 76இல் ஒரு பங்கில் அதே 9 மி.மீ., இது பிரித்தானியரின் ஓ-ஓ-9. முன்பெல்லாம் உலோக உடலை வாங்கி ஒட்டித்தான் இதைச் செய்ய வேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில் பாக்மன், பெக்கோ, ஹெல்ஜன் போன்ற கம்பனிகளிடம் பெட்டியைத் திறந்ததும் ஓடும் எஞ்சின்களே வந்துவிட்டன. நாம் சின்ன வயதில் விட்டுப்போன உலகத்துக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் அதுதான். மூன்றாவது, 48இல் ஒரு பங்கில் 16.5 மி.மீ. தண்டவாளம். வயது ஐம்பதைத் தாண்டி, ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள். எல்லாம் கையில் பிடிக்கும் அளவில் இருக்கும், பலகைதான் பெரிதாக வேண்டும். நான் மாமாவின் எஞ்சினுக்காக முதலாவதிலேயே நின்றுவிட்டேன், வாசிக்கும் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு.

9 மி.மீ.க்கு இன்னொரு வசதியும் உண்டு. உலகமெங்கும் ஓடும் 'N' கேஜ் என்ற மாதிரி ரயில் வகையின் இடைவெளியும் அதுவே. ஆகவே காட்டோ கம்பனி செய்யும் ஜப்பான் மோட்டர்ச் சட்டத்தை வாங்கி, அதற்கு மேல் நீங்கள் அட்டையில் வெட்டிய பெரிய உடலை உட்கார வைக்கலாம். தண்டவாளம் வாங்கும்போது மட்டும் கவனம். 'N' கேஜ் தண்டவாளத்தில் சிலிப்பர் கட்டைகள் பொடியாக, நெருக்கமாக இருக்கும். குறுகிய பாதைக்கென்றே விற்பதில் கட்டைகள் பெரிதாக, தள்ளித் தள்ளி இருக்கும். முதலாவதில் என்னதான் வர்ணம் பூசினாலும் பிரதான பாதை மாதிரியேதான் தெரியும். இங்கே வாங்கக் கடை இல்லை. தபாலில் எடுத்தால் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வரும் உறவுக்காரர்களின் பைதான் எனக்குக் கைகொடுத்தது.

பலகைக்கு வருவோம். 8க்கு 4 அடிப் பிளைவுட் ஒன்றை நாலாக அறுத்தால் 4க்கு 2 அடி. அதில் ஒரு துண்டு போதும். 9 அங்குல ஆரத்தில் முழு வட்டம் 18 அங்குலம்தான், இரு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் மிஞ்சும். வேலை முடிந்ததும் தூக்கி அலுமாரிக்கு மேல் வைக்கலாம். மேம்பாலம், ஏற்றம் என்று ஆசைப்படாதீர்கள். ஒரு தண்டவாளத்துக்கு மேலால் இன்னொன்று போக ஐந்து சென்ரிமீற்றராவது உயர வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில் அதற்கு இரண்டு மீற்றர் ஏற வேண்டும். உங்களிடம் இருப்பதே 1.2 மீற்றர்.

என் முதல் பலகை பிளைவுட் இல்லை. தச்சர் "மிஸ், நல்ல பலகை கிடக்கு" என்று தந்த தனிப்பலகை. மாரியில், ஜனவரியில், தண்டவாளத்தை இடைவெளி விடாமல் இறுக்கி ஆணி அடித்தேன். ஜூனில் கச்சான் காற்று தொடங்கியது. ஒரு மத்தியானம் பார்க்கிறேன், வாய்க்கால் வரப்பு மாதிரித் தண்டவாளம் நெளிந்து நிற்கிறது. ஈரத்தில் ஊதியிருந்த பலகை காய்ந்து சுருங்கியிருக்கிறது. தண்டவாளம் சுருங்குமா? போக வழியில்லாமல் மேலே எழும்பிவிட்டது. அதனால்: பிளைவுட், ஆறு பக்கமும் வார்னிஷ், குறுக்குச் சட்டம். தண்டவாள இணைப்புகளில் ஒரு தடித்த விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளி. அந்த இணைப்புத் தகடுகள் மின்சாரம் கடத்தும் என்று நம்பவும் வேண்டாம். வாவிப் பக்க உப்புக் காற்றில் ஒரு வருடத்தில் மங்கிவிடும். ஒவ்வொரு நீளத் துண்டுக்கும் அடியிலிருந்து தனி வயர் ஏற்றி ஈயம் வையுங்கள்.

மலை, மேடு செய்ய ரிஜிபோம் நல்லது, பழைய டீவிப் பெட்டிக்குள் இருப்பதே போதும். தச்சரின் வெள்ளைக் கம்மால் மட்டும் ஒட்டுங்கள். சுப்பர் குளூ பட்டால் ரிஜிபோம் கரைந்து குழி விழும்.

இப்போது மணல். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு மணலுக்குக் காசு கொடுப்பதா என்று நானும் நினைத்தேன். அள்ளி வந்தேன், மூன்று தண்ணீரில் கழுவி உப்புப் போக்கினேன், வெயிலில் காய வைத்து, தேயிலை வடியால் அரித்தேன். தண்டவாளத்துக்கு இடையில் போட்டு ஒட்டியும் ஆயிற்று. ஒரு வாரத்தில் எஞ்சின் கரகரத்தது. திறந்தால் மோட்டரின் காந்தத்தில் கரும்பொடி மீசை! நம் கிழக்குக் கரை மணலில் இல்மனைற் என்ற, காந்தம் இழுக்கும் கறுப்புத் தாது கலந்திருக்கிறது, புல்மோட்டையில் அதை அகழ்ந்தே எடுக்கிறார்கள். ஆகவே பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மணலின் மேல் நாலைந்து தரம் இழுங்கள். கறுப்பாக ஒட்டுவதையெல்லாம் பையோடு உரித்து எறிந்துவிட்டு, ஒன்றும் ஒட்டாதவரை திரும்பச் செய்யுங்கள்.

ஒட்டும் முறை இது: மணலைத் தூவி, சிறு தூரிகையால் கட்டைகளுக்கு இடையில் ஒதுக்கி விடுங்கள். வெள்ளைக் கம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் கம் மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும். 5 மில்லிலீற்றர் சிரிஞ்சில் எடுத்து, பச்சைத் தலை ஊசியால் துளித் துளியாக விடுங்கள். நீலத் தலை அடைத்துக்கொள்ளும், ரோஸ் தலை ஊற்றிவிடும்.

இனி எனக்குப் பிடித்த இடம். தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது, தெற்கே கல்முனைக்குப் போக பஸ்தான். என் பலகையில் அந்தக் குறை இல்லை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வழியாகக் கல்முனைக்கு ஒரு இரண்டரை அடிப் பாதை போகிறது, வளைவுக்கு அப்பால் ஹிங்குராணைக் கரும்பும் வந்து சேர்வதாகக் கற்பனை. நீங்களும் தண்டவாளம் போடுமுன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: உங்கள் கோச்சி எதை ஏற்றப் போகிறது? அது தெரிந்தால் எங்கே நிற்க வேண்டும், எத்தனை கிளைப்பாதை வேண்டும் என்பதெல்லாம் தானாக வரும். நெல் மூட்டைக்கு மேடை வேண்டும், தேங்காய்க்கு வெறும் தரை போதும். 87இல் ஒரு பங்கில் உரித்த தேங்காய் கடுகளவு, உரிக்காதது கொத்தமல்லியளவு, நெல் மூட்டை ஒரு சென்ரிமீற்றர். கடுகுக்கும் மல்லிக்கும் வார்னிஷ் பூசாவிட்டால் பூச்சி வரும். தென்னை மட்டும் எல்லாரையும் ஏமாற்றும். இருபது மீற்றர் மரம் இங்கே 23 சென்ரிமீற்றர், எஞ்சினைவிடப் பல மடங்கு உயரம். மூன்று வைத்தேன், தோப்பாகிவிட்டது.

ஓட்டும்போது அநேகர் செய்யும் பிழை வேகம். குறுகிய பாதைக் கோச்சி மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால், உங்கள் பலகையில் ஒரு மீற்றரைக் கடக்க 16 செக்கன் எடுக்க வேண்டும். கைக்கடிகாரத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள், எவ்வளவு மெதுவென்று திகைப்பீர்கள். அந்த வேகத்தில் நின்று நின்று ஓடினால் சக்கரம் அழுக்கு. சமையலறைக் காகிதத்தில் அல்கஹோல் நனைத்துத் தண்டவாளத்துக்குக் குறுக்கே விரித்து, எஞ்சினின் பின்சக்கரம் காகிதத்திலும் முன்சக்கரம் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுங்கள். கறுப்புக் கோடு கோடாக விழும். பிறகு திருப்பிப் பிடித்து மற்றச் சக்கரங்கள். இவ்வளவும் செய்தும் ஒரே இடத்திலேயே நின்றால் கிட்டப் போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் பல்லி எச்சம்.

மாரிக்கு முன் எஞ்சின்களைக் கழற்றி, மூடி இறுகும் போத்தலில் போட்டுவிடுவேன். மாத்திரைப் போத்தல்களோடு வரும் சிலிக்கா ஜெல் குப்பிகளை எறியாமல் சேர்த்து வைத்து, போத்தலுக்கு நாலு போடுகிறேன். பலகைக்குப் பழைய சேலை. கறையான் ஏறாமல் இருக்க, பலகையைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும். தை பிறந்து வெயில் நிலைத்ததும் இறக்கி, முதல் வேலையாக அந்தக் காகிதத் துடைப்பு. பழைய பதினொரு துண்டையும் இன்னும் தகரத்திலேயே வைத்திருக்கிறேன். அவை பித்தளை, எங்கள் காற்றில் துடைத்து மாளாது.