பாதியில் எழுந்து மீட்டிங்குக்குப் போகுமுன் இரண்டு வரி

வேலையைப் பாதியில் விட்டு மீட்டிங்குக்குப் போனால், மனசில் ஒரு பங்கு அந்த வேலையிலேயே தங்கிவிடும். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் ‘கவன எச்சம்’ என்று சொன்னது இதைத்தான். எழுந்து போகுமுன் ஒரு நிமிடம் ஒதுக்கி எழுதுங்கள்: எங்கே நிறுத்தினேன், வந்ததும் முதலில் என்ன. ‘அறிக்கையை முடிக்கணும்’ என்றால் பயனில்லை; ‘3-ஆம் அட்டவணையில் மார்ச் கூட்டுத்தொகை இடிக்கிறது, சரிபார்’ என்கிற அளவுக்கு வேண்டும்.

இப்படி எழுத இடைவெளி கிடைக்க, டீம் லீடர்கள் 60 நிமிட மீட்டிங்கை 50 ஆக்கலாம். கூகுள் காலண்டர், அவுட்லுக் இரண்டிலும் செட்டிங் உண்டு. ஆனால் கடைசியில் வெட்டிய பத்து நிமிடத்தைப் பேச்சே தின்றுவிடும். அவுட்லுக்கில் தாமதமாகத் தொடங்கும்படியும் வைக்கலாம், அந்த இடைவெளிதான் நிலைக்கும். இடைவெளியில் மெயிலைத் திறக்காதீர்கள், பதில் போடாத ஒன்று அடுத்த மீட்டிங்குக்கும் கூடவே வரும்.